படிகளுக்கு முந்தைய சாய்தளம்: ஏதென்ஸ் பயணக் குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை, ஏதென்ஸ்

என் அத்தான் பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுத் தலைவர் பெரிக்ளிஸின் காலத்து ஏதென்ஸைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்திய அவருக்கு, பார்த்தினான் கோயிலின் தூண்கள் எப்படி நிற்கின்றன என்பதைக் கைக்கு எட்டும் விதத்தில் யாரும் காட்டியதில்லை. அக்காவுக்குச் சிறு வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்தது. காலைத் தாங்கும் காலிப்பர் கருவியை அணிந்துகொண்டு வங்கி வேலைக்குப் போய் வந்தவள், தோள்வலி அதிகமான பிறகு சக்கர நாற்காலிக்கு மாறிவிட்டாள். இருவருக்கும் துணையாக நான் வந்திருக்கிறேன். கலைச்செல்வங்களுக்குப் பெயர்போன ஒரு பழைய நகரம், நடக்க முடியாதவரையும் பார்க்க முடியாதவரையும் அவற்றின் அருகே எப்படிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதை அறிவதற்காகவே ஏதென்ஸைத் தேர்ந்தெடுத்தோம். அன்றன்று கண்டதை அன்றன்றே எழுதிப் பதிவிட எண்ணியிருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலில் சின்டாக்மா நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து மின்தூக்கியில் தெருவுக்கு ஏறினோம். இந்த நிலையத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட மண் அடுக்குகளை, ஒரு கல்லறையும் குழாய்களும் தெரியும்படி, கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணாடியில் கைவைத்துக்கொண்டு, எந்த அடுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அத்தான் ஒவ்வொன்றாகக் கேட்க, அக்கா நாற்காலியில் அமர்ந்தபடியே சொல்லி வந்தாள்.

விடுதிக்குப் போகும் நடைபாதையில், பார்வையற்றோர் வெள்ளைக் கோலால் வழி அறிந்து நடப்பதற்கான மஞ்சள் வரிக்கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. நூறு அடி தூரம் அத்தான் யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனார். அதன்பின் யாரோ அந்தக் கற்களின் மேலேயே நிறுத்தி வைத்திருந்த மோட்டார் பைக்கில் அவருடைய கோல் முட்டியது.

திங்கட்கிழமை, அக்ரோபொலிஸ்

பார்த்தினான் நிற்கும் பாறைக்குன்றுதான் அக்ரோபொலிஸ். காலையில் நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் அக்கா முதலில் கேட்ட கேள்வி, மின்தூக்கி இன்றைக்கு ஓடுகிறதா என்பதுதான். ஓடுகிறது என்றார்கள். எல்லோரும் மேற்குப் பக்கமாகப் படியேறி, புரோபிலாயா என்னும் பெருவாயில் வழியாக மேலே போகிறார்கள்; சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வழி வேறு. பாறையின் அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு வடமேற்குச் சரிவுக்குப் போக வேண்டும். அங்கேயுள்ள மின்தூக்கி 2020 டிசம்பர் 3 அன்று, அதாவது உலக மாற்றுத்திறனாளிகள் நாளில், திறக்கப்பட்டது; அதற்கான நிதியை ஒனாசிஸ் அறக்கட்டளை தந்தது. அதற்கு முன்னால், ஏதென்ஸில் பாராலிம்பிக் போட்டிகள் நடந்த 2004-ஆம் ஆண்டில் பொருத்திய ஒரு தூக்கி இருந்தது. அது அடிக்கடி பழுதாகி நின்றுபோனதால், தொலைதூரத்திலிருந்து வந்த பலர் கீழிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

மேலே போய் இறங்கியதும் சக்கரங்களுக்கு அடியில் கிடந்தது சமமான கான்கிரீட் பாதை. இதுவும் 2020-இல் போடப்பட்டதுதான். இதைச் சுற்றி எழுந்த சண்டை கிரேக்கத்துக்கு வெளியிலும் பெரிதாகப் பேசப்பட்டது. தொல்லியலாளர்கள் பலர் கண்டித்து எழுதினார்கள். பாதை தேவைக்கு மேல் அகலமாக இருக்கிறது, பழமையின் முகத்தைக் கெடுக்கிறது, மழைநீர் வடியும் வழியை மாற்றுகிறது என்றெல்லாம் குற்றம் சாட்டினார்கள். அக்ரோபொலிஸ் சீரமைப்பில் நெடுங்காலம் உழைத்தவரும் அதன் பாதுகாப்புக் குழுவின் தலைவருமான மனோலிஸ் கோரஸ், பாறைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் விரிப்பு போடப்பட்டிருப்பதால் வேண்டும்போது பாறைக்குச் சேதமின்றிப் பெயர்த்தெடுத்துவிடலாம் என்று விளக்கம் தந்தார்.

நான் பார்த்தவரையில், அந்தப் பாதை அழகானது என்று சொல்ல மாட்டேன். சாம்பல் நிறத்தில் அகலமாகக் கிடக்கிறது; இன்னும் கவனமாகச் செய்திருக்கலாம் என்ற குறையில் நியாயம் உண்டு. ஆனால் பாதையே கூடாது என்பவர்கள், அதற்கு வெளியே கிடக்கும் பாறையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். லட்சக்கணக்கானோரின் காலடி பட்டுத் தேய்ந்து வழவழத்துப்போன சுண்ணாம்புக்கல் அது. 2023 செப்டம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைக்கும் அளவுக்குக் கூட்டம் வருகிற இடம். நல்ல கால்களுடையவர்களே அங்கே வழுக்கி விழுவதை இன்று கண்ணால் பார்த்தோம்.

பாதையோரத்தில் நின்று அத்தான் சொன்ன ஒரு செய்திதான் இந்த வாதத்தின் அடிப்படையையே அசைத்துவிட்டது. இன்று எல்லோரும் ஏறிவரும் மேற்குப் பக்கத்தில், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், பார்த்தினான் கட்டப்பட்ட காலத்தில், படிக்கட்டே கிடையாது. அங்கே இருந்தது ஒரு பெரிய சாய்தளம். ஏறத்தாழ 20 மீட்டர் அகலமும் 80 மீட்டர் நீளமும் கொண்டிருந்த அந்தச் சாய்தளத்தின் வழியாகத்தான், பனதினாயா திருவிழாவில் அதீனா தேவிக்குப் பலியிடுவதற்கான மாடுகளை ஊர்வலமாக ஓட்டி வந்தார்கள். புரோபிலாயாவின் நடுவழியும் மாடுகள் ஏறுவதற்காகவே சரிவாக விடப்பட்டிருந்தது. படிக்கட்டு ரோமானியர் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டில் வந்து சேர்ந்ததுதான். பெரிக்ளிஸ் கட்டியது கெட்டுவிடும் என்று சாய்தளத்தை மறுப்பவர்கள், அவர் காலத்தில் ஒருபோதும் இல்லாத படிகளையல்லவா காத்து நிற்கிறார்கள் என்று அத்தான் கேட்டார். மாட்டுக்குக் கிடைத்த வழி மனிதருக்குக் கிடைக்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறதே என்று அக்கா வருத்தத்தோடு சொன்னாள்.

பார்த்தினானைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதால் யாரும் தொட முடியாது. ஆகவே நாங்கள் இருவரும் அதை அத்தானுக்குச் சொற்களால் கட்டிக் காட்ட வேண்டியிருந்தது. முகப்பில் எட்டு, பக்கவாட்டில் பதினேழு தூண்கள்; ஒவ்வொன்றும் பத்து மீட்டருக்குச் சற்று மேலான உயரம்; அடியில் குறுக்களவு 1.9 மீட்டர். அப்படியானால் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க எத்தனை பேர் வேண்டும் என்று அவர் கேட்டார். அக்கா மனக்கணக்காகச் சுற்றளவு ஆறு மீட்டர் என்று கண்டு, நம்மைப் போல நாலு பேர் கைகோக்க வேண்டும் என்றாள். அந்த ஒரு விடையில் தூண் அவருக்குள் எழுந்து நின்றுவிட்டது என்பதை முகத்தில் பார்த்தேன். பக்கத்தில் சீரமைப்புப் பணியாளர்கள் சலவைக்கல்லை அறுக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. புதுக்கல்லும் பழங்கல்லும் எப்படி இணைக்கப்படுகின்றன என்று அதையும் விளக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

இறங்குவதற்கு முன், புரோபிலாயாவின் உட்புறம்வரை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள் அக்கா. அந்த வாயிலின் சிறப்பே, கீழிருந்து ஏறி வருபவர் அதன் தூண்களுக்கிடையே நுழைந்து, திடீரென்று பார்த்தினானைக் காண்பதில்தான் இருக்கிறது. அவள் அந்த வாயிலை உள்ளிருந்து மட்டுமே பார்த்தாள். மேலே வர முடிந்ததே என்ற மகிழ்ச்சி அவளுக்கு உண்மையாகவே இருந்தது. வாசல் வழியாக வரவில்லையே என்ற குறையும் இருந்தது. இரண்டாவதைச் சொன்னால் முதலாவதற்கு நன்றி இல்லாதவர் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் ஊரில் ஒரு கோயிலில் அவளைப் பக்கவாசல் வழியாகக் கொண்டுபோய்ச் சாமியை மட்டும் காட்டிவிட்டு, வந்த வழியே அனுப்பியபோது, கொடிமரத்தையும் முன்மண்டபத்தையும் பார்க்கவே இல்லையே என்று அவள் கேட்டதற்கு, தரிசனம்தான் கிடைத்துவிட்டதே என்று பதில் வந்தது. ஒரு கட்டடத்தின் கலை அதன் நடுவில் இருக்கும் பொருளில் மட்டும் இல்லை. அதை நோக்கி நடந்து வருவதிலும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, கல்லித்தியா

ஏதென்ஸின் தென்பகுதியான கல்லித்தியாவில், கிரேக்கப் பார்வையற்றோருக்கான ‘கலங்கரை விளக்கம்’ என்ற அமைப்பு இருக்கிறது. 1946-இல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு, 1984-இல் ஒரு தொட்டுணர் அருங்காட்சியகத்தை நிறுவியது. முன்கூட்டியே எழுதிக் கேட்டு நேரம் வாங்கியிருந்தோம். பிற அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்கும் கயிற்றுக்கும் அப்பால் நிற்கும் சிலைகளின் துல்லியமான நகல்களை இங்கே வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கையால் தொடலாம். தொட வேண்டும் என்பதுதான் இங்கே முறை.

வாயிலருகே பிரெய்ல் எழுத்தில் இருந்த கிரேக்கக் குறிப்பின் மேல் அத்தானின் விரல்கள் ஓடின. கிரேக்கமும் தமிழும் ஆறு புள்ளிகளின் அதே அமைப்பைப் பகிர்ந்துகொள்வதால், த, ப, அ என்று பல எழுத்துகளை அவரால் ஒலித்துக் காட்ட முடிந்தது. பொருள் தெரியாமலேயே ஒரு வரியை அவர் வாய்விட்டுப் படிக்க, வழிகாட்டியாக வந்த பெண்மணி அதைச் சரிசெய்து திரும்பச் சொல்லி மகிழ்ந்தார்.

தொட்டுப் பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை இங்கேதான் முழுமையாகக் கண்டேன். முதலில் இரு கைகளையும் விரித்து உருவத்தின் மொத்த எல்லையை அளக்கிறார். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை போய்வருகிறார். பிறகு ஒரு கையை ஓர் இடத்தில் நிலையாக வைத்துக்கொண்டு மறுகையால் நுணுக்கங்களைத் தேடுகிறார். அந்த நிலையான கை இல்லாவிட்டால் எந்த முழங்கை எந்தத் தோளுக்கு உரியது என்பது குழம்பிவிடுமாம். இப்படிப் பார்ப்பதற்கு நேரம் பிடிக்கும். ஒரு சிலைக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆனது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

அவர் நெடுநேரம் நின்றது டெல்ஃபி தேரோட்டியின் முன்னால். மூலச்சிலை வெண்கலத்தால் ஆனது, கி.மு. 470-களைச் சேர்ந்தது, டெல்ஃபி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆளுயரத்தில் நிற்கும் ஓர் இளைஞன், கையில் கடிவாளம், கணுக்கால்வரை தொங்கும் அங்கி. இடுப்புக்குக் கீழே அங்கியின் மடிப்புகள் நேராக இறங்குகின்றன. அத்தான் நாலு விரல்களை நாலு மடிப்புகளுக்குள் வைத்து இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு, அக்காவின் பட்டுப்புடவைக் கொசுவம்போல இருக்கிறது என்றார். பிறகு குனிந்து பாதங்களைத் தடவினார். அங்கிக்கு அடியில், தேருக்குள் மறைந்து, பார்ப்பவர் யாருக்கும் எளிதில் தெரியாத அந்தப் பாதங்களில் சிற்பி நரம்புகளையும் நகங்களையும் அத்தனை நுட்பமாகச் செய்திருக்கிறார். கண்ணால் பார்த்த நான் முகத்திலேயே நின்றுவிட்டேன். அந்தப் பாதங்களை அவர்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தார்.

சிற்பி பிராக்சிட்டெலிஸின் ஹெர்மிஸ் தெய்வச் சிலையை அவர் தொட்டபோது, வலது கை எங்கே என்று தேடினார். மூலத்திலேயே உடைந்து காணாமற்போனது என்று சொன்னோம். இடது கையில் மதுக்கடவுளான டயோனிசஸ் குழந்தையாக உட்கார்ந்திருப்பதையும், குழந்தை எதற்கோ தாவுவதையும் தொட்டறிந்துவிட்டு, அந்த வலது கை எதையாவது உயர்த்திக் காட்டியிருக்க வேண்டும் என்று தாமாகவே ஊகித்தார். கலை வரலாற்று அறிஞர்களும் அது திராட்சைக்குலையாக இருக்கலாம் என்றுதான் நெடுங்காலமாகக் கருதி வருகிறார்கள்.

பார்வையற்றோருக்குக் கலையைச் சொல்லித்தந்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கலையை அணுகத்தக்கதாக்குவது அரசின் கடமை என்றே சொல்கிறது. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் ‘அனுபவ்’ என்ற தொட்டுணர் கூடம் திறக்கப்பட்டது. ஆனாலும் மாவட்டங்களில் இருக்கும் ஒரு பார்வையற்ற மாணவருக்குச் சோழர் காலத்துச் செப்புத்திருமேனி என்பது இன்றும் பாடப்புத்தகத்தின் ஒரு வரிதான். அத்தான் தம் மாணவர்களை நினைத்துக்கொண்டு, திரும்பும் வழியெல்லாம் இதையே பேசி வந்தார்.

புதன்கிழமை, அகோரா

ஏதென்ஸ் மக்களின் பழைய பொதுவெளியான அகோராவின் மேற்குக் குன்றில், ஹெஃபைஸ்டஸ் கடவுளின் கோயில் நிற்கிறது. கிரேக்கக் கோயில்களில் இந்த அளவுக்கு முழுமையாக எஞ்சியவை மிகச் சில. ஹெஃபைஸ்டஸ் உலைக்களத்தின், கைவினைக் கலைகளின் தெய்வம், கால் ஊனமுற்றவர். இலியட் காவியத்தில் அவர் விந்தி நடப்பதைக் கண்டு மற்றத் தெய்வங்கள் சிரிக்கின்றன. அதே காவியம், அவர் தாமே செய்துகொண்ட பொன்னாலான பணிப்பெண்கள் அவரைத் தாங்கி நடப்பதையும், தேவசபைக்குத் தாமாகவே உருண்டு போய்த் திரும்பும் சக்கரங்கள் பொருத்திய முக்காலிகளையும் வியந்து பாடுகிறது. தெய்வங்களுக்கு மாளிகையும் காவிய வீரன் அக்கிலீஸுக்குக் கேடயமும் செய்து தந்தவர் அவர்தான். குன்றின் சரிவில் நாற்காலியைத் தள்ள வழியில் வந்த இளைஞர்கள் இருவர் கைகொடுத்தார்கள்.

குன்றின் அடியில் ஏதென்ஸின் ஐந்நூற்றுவர் மன்றம் கூடிய கட்டடத்தின் அடித்தளம் கிடக்கிறது. அத்தான் இங்கே வர வேண்டும் என்று விரும்பியதற்குக் காரணம் உண்டு. உழைக்க முடியாத ஊனமுற்ற ஏழைகளுக்கு ஏதென்ஸ் நகர அரசு ஒரு சிறு உதவித்தொகை கொடுத்தது. அதற்குத் தகுதி உள்ளவர்களா என்று பரிசோதித்தது இந்த மன்றம். உதவித்தொகையை நிறுத்த வேண்டும் என்று ஒருவர்மேல் வழக்கு வந்தபோது, அவர் பேசுவதற்காக வழக்குகளுக்கு உரை எழுதித்தருபவரான லிசியாஸ் எழுதித்தந்த உரை இன்றும் நம்மிடம் இருக்கிறது. இரண்டு கோல்களை ஊன்றி நடக்கும் ஒரு சிறு தொழிலாளி அவர், பெயர் பதிவாகவில்லை. நாளுக்கு ஓர் ஒபோல் காசு. குதிரை ஏறுகிறானே, இவன் எப்படி ஊனமுற்றவன் என்பது அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. வசதி இருந்தால் சேணம் பூட்டிய கோவேறு கழுதையில் போயிருப்பேன், இல்லாததால்தான் பிறருடைய குதிரையை இரவல் வாங்குகிறேன் என்று அவர் பதில் சொல்கிறார்.

அக்கா இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அடையாள அட்டை புதுப்பிக்கப் போன ஓர் அலுவலகத்தில், ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்களே, பிறகு என்ன என்று அவளிடம் ஒருவர் கேட்டிருக்கிறார். அவளுடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு துணைச் சக்கரங்கள் இருந்தன.

வியாழக்கிழமை

மழை. அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் பெரும்பகுதி நேரத்தைக் கழித்தோம். 2009-இல் திறக்கப்பட்ட கட்டடம். எல்லாத் தளத்துக்கும் மின்தூக்கி உண்டு. மேல்தளத்தின் நாற்புறமும் பார்த்தினானின் சிற்ப வரிசை, மூலங்களும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பவற்றின் சுதை நகல்களும் கலந்து, சக்கர நாற்காலியில் இருப்பவர் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாத உயரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கோயிலில் அது பத்து மீட்டருக்கு மேலான உயரத்தில் இருந்தது. ஆகவே இங்கே எல்லோருக்குமே அது இறங்கி வந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை, எபிடாரஸ்

ஏதென்ஸிலிருந்து வாடகைக் காரில் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் இங்கே வருவது கி.மு. நாலாம் நூற்றாண்டின் அரங்கத்தைப் பார்க்கத்தான். ஐம்பத்தைந்து வரிசைகள் கொண்ட அந்தக் கல்லரங்கின் நடுவட்டத்தில் அத்தானை நிறுத்திவிட்டு நான் மேலே ஏறினேன். அவர் வகுப்பறைக் குரலில் பேசியது மேல்வரிசையில் சொல் சொல்லாகக் கேட்டது. கீழே அவர் பக்கத்திலேயே நாற்காலியில் இருந்த அக்கா, தனக்கு வாய்த்ததுதான் நடிகர் நிற்கும் இடம் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் எங்களை இங்கே இழுத்து வந்தது அரங்கம் அல்ல, மருத்துவக் கடவுள் அஸ்க்லீபியஸின் கோயில். இன்று அடித்தளம் மட்டுமே இருக்கிறது. அதன் கிழக்கு முகப்பில், வாயிலை நோக்கி ஏறும் கல் சாய்தளத்தின் எச்சம் தெளிவாகத் தெரிகிறது. டெப்ரா ஸ்னீட் என்ற ஆய்வாளர் 2020-இல் வெளியிட்ட கட்டுரையில், இந்தத் தலத்தில் ஒன்பது கட்டடங்களுக்குப் பதினொரு கல் சாய்தளங்கள் இருந்ததைக் கணக்கிட்டுக் காட்டினார். மற்றத் தெய்வங்களின் பெருங்கோயில்களில் இத்தனை சாய்தளங்கள் இல்லை. நோயாளிகளும் நடக்க இயலாதவர்களும் நாடிவந்த தலங்களில்தான் அவை மிகுதி. ஆகவே அவர்களுக்காகவே இவை கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பலி விலங்குகளுக்காகவும் பாரம் ஏற்றுவதற்காகவும் இருக்கலாம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். விலங்குகளைப் பலியிடும் மேடை கோயிலுக்கு வெளியே அல்லவா இருக்கும், உள்ளே ஏறவேண்டிய தேவை யாருக்கு இருந்தது என்று அக்கா கேட்டாள். எனக்கும் ஸ்னீட் சொல்வதே பொருத்தமாகப் படுகிறது.

இங்குள்ள அருங்காட்சியகத்தில், குணமடைந்தவர்களின் கதைகளைப் பொறித்த கற்பலகைகள் இருக்கின்றன. கால் ஊனமுற்ற நிகானோர் என்பவர் உட்கார்ந்திருந்தபோது ஒரு சிறுவன் அவருடைய ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், அவர் எழுந்து துரத்தினார், குணமானார். கல்வெட்டின் இந்தச் செய்தியை நான் சொன்னதும், அந்தக் கதையைவிட வெளியே கிடக்கும் சரிவுக்கல்லைத்தான் நம்புகிறேன் என்றாள் அக்கா. குணமாகாதவர்களும் உள்ளே போயிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கல்தான் சாட்சி என்பது அவள் எண்ணம்.

சனிக்கிழமை, ஏதென்ஸ்

இரவு விமானம். பகல் முழுவதும் விடுதியில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினோம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில், அகழாய்வுக் குழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும்படியாக 2023-இல் தளக் காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே 2004-05 அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில், ஒரு பெண்ணும் கொக்கும் மானும் மேடுருவமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. அந்த உருவங்களைச் செய்த கை, களிமண்ணைத் தடவித் தடவித்தான் அவற்றை எழுப்பியிருக்கிறது. விரலால் படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான கலைப்பொருள் நம் மாவட்டங்களில் இல்லை என்கிறார் அத்தான். அந்த ஓட்டுக்கும் ஒரு முதுமக்கள் தாழிக்கும் துல்லியமான நகல்கள் செய்து, தொட்டுப் பார்க்க வைக்க வேண்டும். அருகில் தமிழ் பிரெய்லில் விளக்கம் வேண்டும். ஒருவர் இரு கைகளாலும் நிதானமாகப் பார்க்க இடமும் நேரமும் தர வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

மேசைக்கு அடியில் சக்கர நாற்காலியில் இருப்பவரின் முழங்கால் நுழையும் இடைவெளி விட வேண்டும் என்பதையும், சாய்தளம் எங்கே அமைத்தாலும் எல்லோரும் நுழையும் முன்வாசலிலேயே அமைக்க வேண்டும் என்பதையும் அக்கா சேர்த்தாள். நகல்கள் தயாரானதும் பாளையங்கோட்டை மாணவர்களை அழைத்து வந்து சோதித்துத் தருவதாக அத்தான் கடைசிப் பத்தியில் பொறுப்பேற்றிருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்ததும் அச்செடுத்து, தொல்லியல் துறை அலுவலகத்தில் மூவரும் நேரில் கொடுக்கப்போகிறோம்.